நீ அனுப்பிய படகுக் கணக்கு

தேங்காப்பட்டணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கணக்கை மூன்று இரவாக வைத்துப் பார்த்தேன். நீயே உன் கையால் கட்டப்போகும் 28 அடி நீளப் பாய்ப்படகு, நான்கு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, கொச்சியிலிருந்து லட்சத்தீவு வரை போய்த் திரும்பும் உறுதி, இவை எல்லாவற்றுக்குமாகப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் என்று கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறாய். அதில் ஐந்து லட்சம் உன் சேமிப்பு. மீதிக்கு ரப்பர் நின்ற பதினைந்து சென்டை விற்கலாமா என்பது உன் கேள்வி. அதற்குப் பதில் பிறகு சொல்கிறேன். உன் அப்பா வள்ளம் கட்டினார், நான் இருபத்தாறு வருடம் அந்தப் பட்டறையின் பற்று வரவை எழுதினேன். பலகையில் அவர் கண்ணுக்குப் பட்ட கோணல்களைப் போலத் தாளில் சில கோணல்கள் எனக்கும் படும்.

உன் கணக்கில் ஒன்பது பக்கம் படகின் உடலுக்கே போயிருக்கிறது. பிளைவுட் எத்தனை ஷீட், எபாக்சிப் பசை எத்தனை கிலோ, கண்ணாடி இழைத் துணி எத்தனை மீட்டர், பலகைகளைத் தைத்து நிறுத்தச் செம்புக் கம்பி எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி, உடலுக்கும் மேல்தளத்துக்கும் ஏழு லட்சம் கண்டிருக்கிறாய். அதில் நான் குறை காணவில்லை. ஆனால் பாய்மரம், பாய்கள், அவற்றைத் தாங்கும் கம்பிகள், கப்பிகள், கயிற்றை இழுக்கும் வின்ச், ஈயம், என்ஜின், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, நங்கூரம், வயர்லெஸ் இத்தனையும் ‘இதர’ என்ற தலைப்பில் அரைப் பக்கத்துக்குள், ஐந்து லட்சத்துக்குள் ஒடுங்கிவிட்டன. மீன்பிடி வள்ளத்துக்கு உடல்தான் படகு. உடல் முடிந்தால் வெளி என்ஜினை மாட்டி மறுநாள் கடலில் இறக்கிவிடலாம். நம் பட்டறையைப் பார்த்தே வளர்ந்ததால் அந்தப் பழக்கம் உன் தாளிலும் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். பாய்ப்படகில் உடலும் தளமும் சேர்ந்து முழுச் செலவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று கட்டிப் பார்த்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். உன் ஏழு லட்சம் மூன்றில் ஒரு பங்கானால் முழுத்தொகை இருபத்தொன்று; நாலில் ஒரு பங்கானால் இருபத்தெட்டு.

ஈயத்தை மட்டும் எடுத்துப் பார். படகின் மொத்த எடை மூன்று டன் என்றும், சாய்ந்தால் நிமிர்த்துவதற்காக அடியில் 1,100 கிலோ ஈயம் வேண்டும் என்றும் வரைபடத்தில் இருக்கிறது. கிலோ இருநூறு ரூபாய் என்று நீயே ஓர் ஓரத்தில் குறித்திருக்கும் விலையில் பெருக்கினால் 2,20,000 வருகிறது. அச்சு செய்வது, உருக்குவது, புகையில் நிற்கும் ஆளுக்குக் கூலி, தூக்கி வைக்கக் கிரேன், ஏராவோடு, அதாவது படகின் அடிமுதுகோடு, பிணைக்கும் போல்ட்டுகள் எல்லாம் அதற்கு மேல். உன் ‘இதர’வில் பாதி இப்படியே தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது. இரும்பு மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது துருப்பிடிக்கும், எடைக்கு எடை அதிக இடத்தையும் பிடிக்கும்.

உழைப்புக்கு நீ பணம் போடாதது சரிதான், உன் கை உன்னுடையது. ஆனால் உழைப்பு நடக்க ஓரிடம் வேண்டுமே. மூவாயிரம் மணி நேர வேலை என்று வைத்திருக்கிறாய். சனியும் ஞாயிறுமாக வாரத்துக்குப் பதினாறு மணி நேரம், கல்யாணம், காய்ச்சல், திருவிழா போக வருடத்துக்கு நாற்பத்தெட்டு வாரம் என்றால் 768 மணி நேரம். ஆக நான்கு வருடம். கொச்சியில் நீ சொன்ன ஷெட்டுக்கு மாத வாடகை எட்டாயிரம் என்றாய். நான்கு வருடத்துக்கு 3,84,000. இந்தத் தொகை உன் கணக்கில் எங்குமே இல்லை.

பிளைவுட் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. படகுக்கான பிளைவுட் என்று காட்டும் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதே. நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு லோடு பலகை நமக்கு வந்தது. இரண்டு வள்ளங்களின் அடிப்பலகை ஒரே மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்தது. இரண்டையும் அப்பா சம்பளம் வாங்காமல் மாற்றிக்கொடுத்தார். அந்த வருடத்து நோட்டை நான் இப்போதும் திறந்து பார்ப்பதில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு லோடிலும் ஒரு துண்டை வெட்டி, நெல் அவிக்கும் அண்டாவில் மூன்று நாள் கொதிக்க வைக்கும் வழக்கம் நம் வீட்டில் வந்தது. நீயும் அப்படிச் செய். இன்னொன்று, கடல் தண்ணீரை நினைத்துப் பயப்படுகிற அளவுக்கு மழைத் தண்ணீரை நினைத்து யாரும் பயப்படுவதில்லை. மரத்தை உளுத்துப்போக வைப்பது நல்ல தண்ணீர்தான். தளத்தில் ஒரு திருகாணித் துளை வழியாக இறங்கி, காற்றுப் புகாத மூலையில் தேங்கி, வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே பலகையைப் பொடியாக்கிவிடும். அடியில் கண்ணாடி இழைத்தோல் எங்காவது கிழிந்தால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு நுழையும், அதை மறந்துவிடாதே. என்றாலும் கொச்சியில் பெய்கிற மழைக்கு உன் முதல் செலவு படகை முழுவதும் மூடும் நல்ல தார்ப்பாயாக இருக்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். மகளே, நம் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் உனக்குத் தெரியாததா? மணல் ஏறி, அலை மடங்கி, பழகின கைகளே தடுமாறுகிற இடம். வள்ளத்துக்கு ஓரடி ஆழம் போதும். உன் படகு தண்ணீருக்குள் 1.4 மீட்டர் இறங்கி நிற்கும். ஆனி ஆடி மாதங்களில் அதை இந்தக் கரையில் வைப்பது நடக்காது. ஆகையால் கொச்சிக் காயலில்தான், போல்காட்டித் தீவு மெரினாவிலோ வேறு பாதுகாப்பான துறையிலோ இடம் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் படகின் அடிக்கணக்கைப் பார்த்துத்தான் வாடகை போடுவார்கள்; நீ கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கொடுக்க வேண்டும்.

இப்படி ஆண்டுதோறும் வருகிற செலவுகளுக்கு உன் தாளில் ஒரு வரிகூட இல்லை. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடந்தோறும் ஒதுக்க வேண்டும் என்பது அனுபவக்காரர்கள் சொல்கிற கணக்கு. இருபத்தொரு லட்சம் படகுக்கு அது இரண்டு லட்சத்துக்கு மேல். நம் வெயிலில் அது குறையாது என்றே நினைக்கிறேன். கரையேற்றி, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டி, அடிவண்ணம் பூச வேண்டும். மற்ற உலோகங்களை உப்புத் தண்ணீர் அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்ற வேண்டும். உறை போட்டு மூடாத பாயை வெயில் சில வருடங்களில் தின்றுவிடும். பாய்மரத்தைப் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தை ஒட்டி மாற்றிவிடுவதுதான் புத்தி, ஏனென்றால் அது முனைகளில்தான், கண்ணுக்குத் தெரியாமல், முதலில் விரிசல் விடும். காப்பீடு தனி. வயர்லெஸ், உயிர்க்கவசம், விளக்கு ஆகியவற்றில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கும்படி நான் சொல்லமாட்டேன். 2017இல் ஓக்கிப் புயல் அடித்த பிறகு இந்தக் கரையில் எந்தத் தாயும் அப்படிச் சொல்லமாட்டாள்.

கட்டியதை வாங்கலாமே என்று யாராவது கேட்டால், மீன்பிடிப் படகுக்கு ஐந்து சதவீதம் வரி, உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பரிலிருந்து நாற்பது சதவீதம் என்பதைச் சொல். நீயே கட்டுவதில் உனக்குள்ள நியாயம் அதில் இருக்கிறது. விற்கும்போது வீட்டில் கட்டிய படகுக்குச் சாமான் விலைகூடத் திரும்பாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்.

கடற்படைக்காரர் அபிலாஷ் டோமி பாய்ப்படகில் தனியாகப் போகவில்லையா என்று கேட்டிருக்கிறாய். அவர் 2012-13இல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய ‘மாதேய்’ 56 அடிப் படகு, அது கடற்படையின் சொத்து. அந்தக் கணக்கை எந்த வீட்டிலும் யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலேயரான ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968-69இல் தனியாகச் சுற்றிவந்த ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கில் கட்டிய படகு, 32 அடிதான். அதையாவது உன் பக்கம் சாட்சிக்கு அழைக்கலாம்.

இனி நிலத்துக்கு வருகிறேன். 28 அடிக்கு விற்க எனக்குச் சம்மதமில்லை. 22 அடிக்குச் சம்மதம். ஆறடிதானே குறைகிறது என்று நினைக்காதே. செலவு நீளத்தைப் பார்த்து ஏறுவதில்லை, எடையைப் பார்த்து ஏறுகிறது. ஒரே வடிவத்தை 28இலிருந்து 22க்குச் சுருக்கினால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஈயம் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோவாகும், பாயும் கம்பியும் சிறுக்கும், உள் என்ஜினுக்குப் பதில் வெளி என்ஜின் போதும், நான்கு வருடம் இரண்டரை வருடமாகக்கூடும். நான்கு பேர் படுக்க முடியாது. சரி, என்னை நீ கூப்பிட்டாலும் நான் கரையில்தான் படுப்பேன். லட்சத்தீவைப் பிறகு பார்க்கலாம். முதலில் கொல்லம் வரை போய் வா.

ஓணத்துக்கு வரும்போது 22 அடிக்குப் புதுக் கணக்கு எழுதிக் கொண்டு வா. ‘இதர’ என்ற சொல் அதில் இருக்கக் கூடாது. ஷெட் வாடகைக்கும் வருடச் செலவுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்க வேண்டும். அப்பா எடுத்து வைத்த அயினி மரப் பலகை இரண்டை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நேற்று அளந்து பார்த்தேன். சின்னப் படகென்றால் சுக்கானுக்கும் அதன் கைப்பிடிக்கும் சரியாக வரும், பெரியதற்குப் போதாது.

அன்புடன்,
அம்மா