மயிற்பீலி

கடலூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். நம்ம ஒல்லிக்குச்சி பண்ருட்டிக்கு மாற்றலாகிப் போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் பலாப்பழம் பற்றியே பேசுகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சமய வரலாறு வகுப்பில் அப்பர் கதை. அவர் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்த பாடலி சமணப் பள்ளி நம் திருப்பாதிரிப்புலியூர்தானே, அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லுவேன். அவருக்கு வந்த சூலை நோய்க்கு, அதாவது கடும் வயிற்று வலிக்கு, சமணர்கள் மந்திரித்த நீர் கொடுத்ததையும், பீலியால் தடவத் தடவ வலி கூடியதையும் பெரியபுராணத்தில் வருகிறபடி நடித்தே காட்டினேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. திண்டிவனம் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணர்.

அதைக் கவனித்த நான் இன்னொரு தப்பும் செய்தேன். "உங்கள் சமயத்தில் என்ன சொல்வார்கள், நீயே சொல்லம்மா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு சமயம் முழுவதற்கும் பதில் சொல்ல முடியுமா?

மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, பீலி மந்திரிக்கிறதுக்கு இல்லைங்க. முனிவர் உட்காரும் முன்னால எறும்பு நசுங்காம ஒதுக்கிவிட. அப்புறம், அந்தப் பள்ளியில என்ன படிச்சாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே."

இருபது வருடமாகச் சொல்லவில்லை, மாப்ளே. உலக அமைப்பைப் பேசும் 'லோகவிபாகம்' பாடலியில்தான் எழுதப்பட்டது என்றும், சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458 என்றும் எனக்குத் தெரியும். அப்பருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய நூல். தெரிந்தும் சமணரை வில்லனாக மட்டுமே வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த வாரம் மாற்றினேன். மாணவர் ஒவ்வொருவரும் தன்னுடையதல்லாத ஒரு சமயத்தில் தனக்குப் பொறாமை வரும் ஒன்றை எழுதி, அந்தச் சமயத்தார் ஒருவரிடம் காட்டி, "ஆமாம், இது நாங்கள்தான்" என்று சொல்ல வைக்க வேண்டும். பரங்கிப்பேட்டைப் பையன், அப்பரின் அக்கா திலகவதியார் தம்பிக்காகக் காத்திருந்ததை எழுதினான். படித்துவிட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பர் சமணரைத் திட்டிய பாடல்களையும் மறைக்காமல் வைத்தேன். மறைத்தால் அதுவும் பொய்.

நீ ஜெர்மனியில் பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து இறையியல் நடத்துகிறாய். சண்டைக் கதைகளை எப்படிச் சொல்கிறாய்? நீளமாக எழுது, தந்தி மாதிரி நாலு வரி வேண்டாம்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? அந்தப் பெண்ணின் பாட்டி நம் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். சமணர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், உன் வழக்கப்படி ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்காதே.

உன்,
மஞ்சக்குப்பத்தான்