மண்ணெண்ணெய் டின் நிறைய வெள்ளிக்காசா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த ஜப்பான்காரன் காலத்து நினைவுகளைப் படித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்ததும் கட்டுரையாளரின் தாத்தா ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய வெள்ளிக்காசைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே போனார் என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. பினாங்கில் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு, எங்கள் வீட்டிலும்தான். யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

பிரிட்டிஷ்காரர் காலத்தில் இங்கே புழங்கிய வெள்ளிக்காசு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர்; 1903-இல் வந்தது 26.95 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. அந்தக் கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.3 கிராம் அளவில் வரும், ஆக ஒரு காசுக்கு 2.6 கன சென்டிமீட்டர். அதற்காக டின்னின் கொள்ளளவை நேராக 2.6-ஆல் வகுத்துவிடக் கூடாது, ஏனென்றால் அள்ளிக் கொட்டிய காசு குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டுத்தான் கிடக்கும். சந்தேகமிருந்தால் ஒரு கிளாஸ் நிறையப் பத்து சென் காசைக் கொட்டி அதன்மேல் தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள், கிளாஸ் கொள்ளுவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இறங்கும். அத்தனையும் வெறும் இடைவெளி!

அப்படிப் பார்த்தால் லிட்டருக்குச் சுமார் 220 காசு, எடை ஆறு கிலோ. மண்ணெண்ணெய் டின் 18 லிட்டர். நாலாயிரம் காசு, நூறு கிலோவுக்கு மேல். பத்து கிலோ அரிசிப் பை பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வரை நடந்தாரா? 1907-இல் காசைச் சிறிதாக்கி 20.2 கிராமுக்கு இறக்கினார்களே என்று கேட்கலாம். சரி, எண்ணிக்கை கூடும், எடை குறையாது, உலோகம் அதேதானே.

தாத்தா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. டின் பால் டப்பாவாக இருந்திருந்தால் எழுபது எண்பது காசு பிடிக்கும், இரண்டு கிலோ, வேட்டி மடிப்பிலேயே கொண்டு போகலாம். அப்புறம் பேரப்பிள்ளைகள் வாயில் டப்பா வளர்ந்திருக்கும்.

கட்டுரையாளர் வீட்டில் அதில் ஒரு காசாவது மிஞ்சியிருந்தால் நகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். 26.95 கிராமா, 20.2 கிராமா, இல்லை பாதிதான் வெள்ளி உள்ள 1919 முதல் வந்த 16.85 கிராம் காசா? காசில் யார் தலை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு