ஜெனிவாவில் பேசிவிட்டு ஊர் திரும்புகிறவருக்காக

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூலையில் ஜெனிவாவில் ஐ.நா.வின் பழங்குடி உரிமை நிபுணர் குழு கூடுகிறது. கொள்ளிடக் கரையில் நண்டும் எலியும் பிடித்துப் பிழைக்கும் இருளர் ஒருவரும் அங்கே போய்ப் பேசலாம். இப்படிப் போகிறவர்களின் பயணத்துக்கு உதவவே ஐ.நா. 1985இல் ஒரு நிதியம் தொடங்கியது. பேசிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

2014இல் ரஷ்யப் பழங்குடித் தலைவர் ரோடியோன் சுல்யான்ட்சிகா ஐ.நா. மாநாட்டுக்குக் கிளம்பியபோது, மாஸ்கோ விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் காணாமல் போனது. 2018இல் பிலிப்பைன்ஸ் அரசு தயாரித்த 600க்கும் மேற்பட்ட ‘பயங்கரவாதி’கள் பட்டியலில், பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் விக்டோரியா டாவ்லி கார்புஸின் பெயரே இருந்தது. பிறகு நீக்கினார்கள், சரி. ஐ.நா. பதவியில் இருந்தவருக்கே இந்த நிலை.

நம் பக்கம் பாஸ்போர்ட்டில் கை வைக்கவே வேண்டாம். சாதிச் சான்று கோப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளையின் உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. பேசியவரின் மகளுக்குச் சான்று தாமதமானால், அது பழிவாங்கலா, வழக்கமான இழுத்தடிப்பா என்று யார் நிரூபிப்பது? அப்புறம் கிடப்பில் போகும் பட்டா மனு, உடனே திருப்பிக் கேட்கப்படும் செங்கல் சூளை முன்பணம், ‘சும்மா விசாரிக்க’ வீட்டுக்கு வரும் போலீஸ். யாரும் மிரட்டியதாகவே தெரியாது. அடுத்த வருஷம் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

“ஊர்ப் பிரச்சினையை ஏன் வெளிநாட்டில் பேச வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2007 செப்டம்பரில் ஐ.நா.வின் பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்தியர் எல்லோருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று டெல்லி சொல்வதும் தெரியும். அந்த வாதம் அங்கேயே நடக்கட்டும். இருளரை நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் வைத்திருப்பது அரசுதானே.

ஆகவே, ஐ.நா. அரங்கில் பேசியதற்காக யாருடைய மனுவும் நிறுத்தப்படாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். மிரட்டல் புகார் வந்தால், புகாருக்கு உள்ளான அதிகாரியிடமே அதை விசாரணைக்கு அனுப்பாதீர்கள். பேசிவிட்டு வந்தவர் வீட்டுச் சான்றுக் கோப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஓர் ஆண்டு வரை நீங்களே மாதாமாதம் பாருங்கள்.

உத்தரவை ஜூலைக்கு முன்பே போட்டு, கிராம நிர்வாக அலுவலகங்களில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சீர்காழி வட்டத்துக்காரர் ஒருவர்