பாலாலயம் செய்யாமல் கை வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்கள் சங்கங்களுக்கு வருவதில்லை, வருகிறவர்களையும் பெரியவர்கள் எதையும் மாற்ற விடுவதில்லை என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை, ஒரு சிறு சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்களுடையது பினாங்கில் ஒரு மரண சகாய நிதிச் சங்கம். மாதம் ஐந்து ரிங்கிட் சந்தா. வீட்டில் இறப்பு நேர்ந்தால் அன்றைக்கே இரண்டாயிரம் ரிங்கிட் கையில் கொடுப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு, ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி வசூல் செய்வேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மஞ்சள் அட்டை, அதில் பன்னிரண்டு கட்டம். பணம் வாங்கியதும் அந்த மாதக் கட்டத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவேன். சிலர் அந்த அட்டையைச் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குக் கீழே வைத்திருப்பார்கள்.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் இளம் செயலவையினர் சந்தாவைக் கைப்பேசி வழியாகக் கட்டும்படி மாற்றினார்கள். நானும் கை தூக்கி ஆதரித்தேன். ரசீதுப் புத்தகம் தொலைந்திருக்கிறது, கணக்கு உதைத்திருக்கிறது. இப்போது ஒரு காசு பிசகுவதில்லை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் விதிமுறையில், மூன்று மாதம் தொடர்ந்து சந்தா கட்டாவிட்டால் உறுப்பியம் ரத்து என்று ஒரு வரி உண்டு. நான் வசூலுக்குப் போன காலத்தில் அந்த வரியால் ஒருவர் பெயரும் அடிபட்டதில்லை. கதவைத் தட்டினால் காரணம் தெரிந்துவிடும். வேலை போயிருக்கும், பிள்ளை மருத்துவமனையில் இருக்கும். பொறுத்துக்கொள்வோம், அல்லது செயலவையில் யாராவது அந்தப் பணத்தைப் போட்டுவிடுவார்கள். கணினிக்கு அந்த வரி மட்டும்தான் தெரியும். மாற்றம் பற்றிய அறிவிப்பு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போனது. சாதாரணக் கைப்பேசி வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு அது வந்து சேரவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டு உறுப்பினர் அவர். கணவர் இறந்த அன்று மஞ்சள் அட்டையைக் கொடுத்து ஆள் அனுப்பினார். பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டோம். பத்து லஞ்சாங் மின்சுடலைக்குப் போன செலவுக்குப் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம்தான் பணம் கொடுத்தது. செயலவை கூடி, தவற்றை ஒப்புக்கொண்டு, பணத்தை எடுத்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. நான்தான் கொண்டுபோனேன். "பணம் கெடக்குது தம்பி. நீங்க வர்றதே நின்னு போச்சே, ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடையில் இரண்டு வேலை இருந்தது. பணம் வாங்குவது ஒன்று, யார் வீட்டில் என்ன நிலைமை என்று விசாரிப்பது இன்னொன்று. முதல் வேலையைக் கைப்பேசி என்னைவிட நன்றாகச் செய்கிறது. இரண்டாவதை யாரிடமும் ஒப்படைக்காமலே நிறுத்திவிட்டோம்.

எனக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்ற இடம் அது. கைசென் என்று சிறுகச் சிறுக எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் வரிசையில் நிற்கும் பெண்ணிடம், இதை ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். எங்கள் ஜப்பானிய மேலாளர் ஒருநாள் அவர்கள் நாட்டு ஈசே மரக் கோயிலைப் பற்றிச் சொன்னார். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதுக் கோயில் கட்டி, பழையதைப் பிரித்துவிடுவார்கள். சுமார் 1,300 ஆண்டு வழக்கம். நடுவே போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், மறுபடி தொடங்கியது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. மரம் ஒவ்வொரு முறையும் புதிதுதான். பெரிய தச்சருக்குப் பக்கத்தில் நின்று சின்னத் தச்சர் வேலை கற்றுக்கொள்கிறார், அந்தக் கைப்பழக்கம் அறுந்துபோவதில்லை.

நம் ஊரிலேயே கூ கொங்சியை, கூ என்ற சீனக் குலத்தாரின் சங்க மண்டபத்தைப் பாருங்கள். இப்போதுள்ள மண்டபம் 1906-இல் முடிந்தது. அதற்கு முந்தையது தீயில் போனது. உள்ளே குலத்தாரின் சிறப்புகளைப் பொறித்த பலகைகள் தொங்குகின்றன. பழையவற்றில் சீனப் பேரரசர் காலத்துப் பட்டங்கள், பிறகு வந்தவற்றில் பல்கலைக்கழகப் பட்டங்கள்.

நமக்கும் இது தெரியாததில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்குத் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியை வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே பூசையைத் தொடர்கிறோம். அப்புறம்தான் உளியும் சுத்தியலும். விளக்கு ஒரு நாளும் அணைவதில்லை. 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற எவருக்கும் இது தெரியும். கோயிலில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், சங்கத்தில் மட்டும் பாலாலயம் இல்லாமலே இடிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். சந்தா கைப்பேசியிலேயே தொடரட்டும். ஆனால் முதல் ஞாயிறு, பழைய ஆள் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து உறுப்பினர் வீடுகளுக்குப் போக வேண்டும். கதவைத் தட்டிக் கேட்காமல் எவர் பெயரையும் நீக்கக் கூடாது. எங்கள் இளம் செயலாளர் தீர்மானத்தை வழிமொழிய முன்வந்திருக்கிறார். போன மாதமே என்னோடு அந்த அம்மா வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, கிளம்பும்போது, "அங்கிள், அந்த முத்திரை இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. இதே சிக்கலில் இருக்கும் சங்கங்கள் கேட்டால் தீர்மானத்தின் நகலையும் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு.