அந்தக் கம்பி அங்கேயே இருக்கட்டும்

பழைய திகில் படங்களையும் அறிவியல் புனைவுப் படங்களையும் புதுப்பித்து வெளியிடுகிற எல்லாருக்கும்,

வணக்கம். முதலில் நன்றி. கோடு விழுந்து, ஒலி கரகரத்து, இருட்டில் நிற்பது மனிதனா மரமா என்றே தெரியாத பிரதிகளில் பார்த்துப் பழகிய படங்களை, நெகட்டிவைத் தேடிப் பிடித்து, கீறலையும் தூசியையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நீக்கி, புதுசாக எங்கள் கண்முன் வைத்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஆனால் கூடவே ஒன்று கேட்கிறேன்: தூசியைத் துடைக்கிற கையோடு பறக்கும் தட்டைத் தாங்குகிற கம்பியையும் துடைத்துவிடாதீர்கள். தூசி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கம்பி, படம் எடுத்தவர்கள் தங்கள் கையால் கட்டியது.

1953இல் வந்த 'ரோபாட் மான்ஸ்டர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோபாட் உடை செய்ய இயக்குநர் ஃபில் டக்கரிடம் பணமில்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அவரைக் கூப்பிட்டு, தலைக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டி, நிலாவிலிருந்து வந்து மனித இனத்தையே அழித்த எதிரி இவர்தான் என்று நிறுத்திவிட்டார்கள். பார்த்ததும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, மேலிடம் கொல்லச் சொல்கிற பெண்ணைக் கொல்ல மனமில்லாமல் அந்த உருவம் தனியாக நின்று தவிக்கிற இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. முகமே தெரியாத ஒருவர், கனமான ரோம உடைக்குள் வெயிலில் நின்றுகொண்டு, கையை மட்டும் அசைத்து அந்தத் தவிப்பைக் காட்டப் பார்க்கிறார். அந்த உடையின் போலித்தனம் தெரிவதால்தான் உள்ளே இருக்கிற மனிதரும் தெரிகிறார்.

இந்தப் படங்களில் எனக்குப் பிடித்ததே இதுதான், செய்தவரின் கை தெரிவது. 1955இல் சிறப்புக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹாசன் ஒரு படத்தில் ராட்சத ஆக்டோபஸைக் கோல்டன் கேட் பாலத்தின் மேல் ஏறவிட்டார். பட்ஜெட் போதாததால் அதற்கு ஆறு கைகள்தான். ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு கையையும் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடிக்க வேண்டும், அதனால் இரண்டு கை குறைந்தால் மிச்சமாகும் உழைப்பு கொஞ்சமில்லை. இன்று ஒருவர் உட்கார்ந்து மீதி இரண்டு கைகளையும் கணினியில் ஒட்டிவிடலாம். தயவுசெய்து வேண்டாம்.

சரி, கம்பியை அழிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1953இன் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' வேறு கதை. அன்றைய டெக்னிகலர் என்ற வண்ண முறைப் பிரிண்டில் செவ்வாய்க்கிரக எந்திரங்களின் கம்பிகள் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. பிற்காலப் பிரதிகளில்தான் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தன. அண்மையில் புதுப்பித்தவர்கள் அவற்றை நீக்கியது நியாயம்தான். அதே மாதிரி, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்துக் காட்டுவதற்காகவே எடுத்த படத்தை டிவியில் முழு ஃப்ரேமாகப் போட்டு, மைக் தெரிகிறது என்று இயக்குநரைக் கேலி செய்வதும் அநியாயம். ஆக நான் கேட்கும் அளவுகோல் ஒன்றுதான்: அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர் எதைப் பார்த்தாரோ அதைக் காட்டுங்கள், கம்பியைப் பார்த்திருந்தால் கம்பியோடு. முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகும்வரை கிரெயினை, அதாவது படச்சுருளுக்கே உரிய நுண்ணிய புள்ளிகளை, துடைப்பதையும் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் டிஸ்க் அட்டையில் போடுகிற அந்த வாசகங்கள். 'உலகின் மிக மோசமான படம்' என்று போட்டு விற்காதீர்கள். முதல் காட்சி வருவதற்கு முன்பே பார்ப்பவரைக் கேலிக்குத் தயார் செய்துவிடுகிறீர்கள், பயப்படவும் ரசிக்கவும் அவருக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் உழைத்தவர்களின் பெயரைப் போடுங்களேன். 1954இன் 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில் அந்த நீர்வாழ் உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண். திரையில் வந்ததோ மேக்கப் துறைத் தலைவரின் பெயர். நீருக்கடியில் அந்த உடையோடு நீந்திய ரிகோ பிரவுனிங், முதுகில் காற்றுக் குடுவை இல்லாமல், நிமிடக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடித்தார். அவர் பெயரும் அன்று திரையில் வரவில்லை. அடுத்த பதிப்பின் அட்டையில் அந்த இரண்டு பெயர்களையும் பார்த்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

கம்பி இல்லாத பிரதியும் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் கொடுங்கள், ஆனால் தனியாக. பழைய வடிவம் அதே டிஸ்க்கில், அதே தரத்தில், மெனுவில் முதலில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்