ஆச்சியின் தூக்குவாளி

சபையாருக்கும் உடன் நின்ற எல்லாருக்கும் தோத்திரம்.

போன ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது என் கை நடுங்கியது. அப்பம் கீழே விழுந்துவிடுமோ என்று பயந்தேன். சபை என்னை ஒதுக்கி வைத்துப் பதினொரு மாதம் கழித்து அந்த இடத்துக்கு வந்தேன். என்ன நடந்தது, தீர்மானம் எப்படி வந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற எனக்கு மனமில்லை.

வாதாடிப் பேசிய இரண்டு மூப்பர்களுக்கும், தொலைபேசியில் அழுத சிநேகிதிகளுக்கும், என் பிள்ளைகளிடம் எப்போதும்போல் பழகிய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் நன்றி. இரவில் இயேசுவைப் பார்க்க வந்த நிக்கொதேமுவைப்போல இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வந்தவர்களுக்கும் நன்றி. பகலில் வந்தால் என்ன என்று அப்போது உள்ளுக்குள் திட்டினேன். இப்போது திட்டவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அசனத்தன்று நடந்ததை மட்டும் விவரமாக எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் அசனம் என்றால், அதாவது கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்து என்றால், வீட்டுக்கு வீடு அரிசி பிரிப்பார்கள். இந்த முறை எங்கள் வீட்டு அரிசியைக் கேட்டு யாரும் வரவில்லை. படி அரிசியை அளந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தேன். தீர்மானம் வாசிக்கப்பட்ட நாளில்கூட அவ்வளவு வலிக்கவில்லை. அசனத்தன்று சாயங்காலம் கோயில் பக்கமிருந்து கிடாரம் இழுக்கும் சத்தமும் குழம்பு மணமும் வந்தன. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது. ஓலைப்பெட்டி முடைகிற ஆச்சி. பெயரை எழுதினால் கோபிப்பார். கையில் ஒரு தூக்குவாளி. இன்னும் வெளிச்சம் இருந்தது. பந்தி முடிந்து ஊரே தெருவில் நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நடந்து வந்திருக்கிறார். பேத்தியின் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்துக்கொண்டிருந்த சமயம் அது. யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத நேரம்.

"கறியில் உப்புக் கொஞ்சம் கூடிப்போயிற்று, பார்த்துச் சாப்பிடு" என்றார். வசனம் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்த எனக்கு அதுவே பெரிய இளைப்பாறுதல். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை தெரு பார்க்கத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உப்பு உண்மையிலேயே அதிகம்தான்.

அன்று இரவுதான் யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்தேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதை அற்புதமாக மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் 41 வசனங்களில் பிறவிக் குருடன் இயேசுவால் பார்வை அடைவது 7ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பெரும்பகுதி மதத் தலைவர்கள் நடத்தும் விசாரணைதான். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களே என்று பெற்றோர் பயந்து, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அவனைப் புறம்பே தள்ளுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைக் கண்டுபிடிக்கிறார். அவன் தேடிப் போகவில்லை, அவரே வருகிறார். அன்று எங்கள் வீட்டுக்கு அவர் வெற்றிலைக் காவியேறிய பல்லோடு வந்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

தள்ளப்பட்டதால் நான் பெரிய பரிசுத்தவாட்டி ஆகிவிடவில்லை. முதல் சில மாதங்கள் என் ஜெபம் முழுக்கச் சாபம்தான். கூட்டத்தோடு சேர்ந்து ஆலயத்துக்குப் போன தோழனே பகைத்தான் என்று புலம்புகிற 55ஆம் சங்கீதத்தைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. மெல்ல மெல்லத்தான் அந்தக் குருடனின் தாயும் தகப்பனும் என் கண்ணில் பட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்தை இதேபோல ஒதுக்கியபோது நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருந்தேன். பின்வாசல் வழியாகக்கூட அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டில் வந்தவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

விசுவாசத்துக்காக வீடு இழந்து துரத்தப்பட்டவர்கள் ஒதுங்கவே 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னவளும் நான்தான். அடைக்கலம் தேடி வந்தவர்களின் வம்சம் நாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு குடும்பத்தை ஊரைவிட்டுப் போகவிட்டேன். அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அடுத்த அசனத்தில் பந்தியில் யார் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன். இதை எழுத்தில் வைக்கிறேன், மறந்தால் யாராவது ஞாபகப்படுத்துங்கள்.

ஆச்சி, உங்கள் தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று வைத்திருந்தேன். அன்றைக்கு அளந்து வைத்த அரிசியும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பொங்கி எடுத்துக்கொண்டு வருகிறேன். உப்பு அளவாகப் போடுகிறேன்.