மொய் நோட்டில் ஏறாதவர்களுக்கு

ஊர் ஆட்களுக்கும், திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு அரை மணிக்கொரு தரம் "போட்டோ போடுங்க" என்று நச்சரித்த அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஜூலை 15 செவ்வாய்க்கிழமை நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கல்விச் சீர் நல்லபடியாக முடிந்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் நன்றி சொல்லும் வேலையும் அன்றைக்கு மேடையிலேயே முடிந்திருக்க வேண்டியது. ஒரு சிட்டையில் பதினாறு பேரை வரிசையாக எழுதித்தான் வைத்திருந்தேன். மைக் கைக்கு வந்ததும் கால் நடுங்கியது, ஏழெட்டுப் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விட்டுப்போனவர்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் பள்ளிக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள், அதுதான் இன்னமும் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கல்விச் சீர் என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவருகிற மாதிரி, ஊரே சேர்ந்து மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவது. தட்டில் புடவைக்குப் பதில் நோட்டு, பழத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸ் பெட்டி, பின்னால் தலைச்சுமையாக மின்விசிறி, நாற்காலி, பீரோ. காமராசர் பிறந்த நாளை எப்படியும் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளியில் கொண்டாடுவார்கள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர்தான் சொன்னார். இன்னொரு வசதியும் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் நம் புதுக்கோட்டைப் பக்கம் எங்கே பார்த்தாலும் மொய் விருந்து (ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு மொய் வாங்குவது), பந்தல்காரரையும் பாத்திரக்காரரையும் கையில் பிடிக்க முடியாது. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்ததால் பந்தல்காரர் வாடகையே வேண்டாம் என்று கொட்டகை போட்டுக் கொடுத்தார். வெள்ளோட்டம் பார்த்ததாக இருக்கட்டும் என்றார், அவர் பெருந்தன்மையை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மொய் விருந்து ஊர் என்பதால் இதற்கும் மொய் நோட்டு போட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் எழுதினாள், முத்து முத்தான எழுத்து. யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதியிருக்கிறாள். பெயர்க் கட்டத்தில் ஒரு இடத்தில் "பேரெல்லாம் வேணாம்", நேராகத் தொகையில் 200. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் விசாரித்தேன், முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்துவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் போன அப்பத்தா அது. யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீக்கடையில் வேறு கணக்கு ஓடும். ரொக்கமாக வந்தது 47,350 ரூபாய். சுவருக்குப் பெயிண்டும் கூலியும் 18,500, சாப்பாட்டுக்கு 11,200, வயரிங் சாமானுக்கு 6,400. மீதி 11,250 பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் இருக்கிறது, ரசீதெல்லாம் தலைமையாசிரியர் அறையில் கோப்பில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள். பொருளாக வந்தது தனி: ஆறு மின்விசிறி, நாற்பது எவர்சில்வர் தட்டு, குட்டி நாற்காலிகள், தண்ணீர் ஃபில்டர், உலக உருண்டை, இரண்டு கேரம் போர்டு, ஒரு பீரோ.

வாட்ஸாப்பில் ஒரு தம்பி கேட்டிருந்தார், அரசுப் பள்ளிக்கு அரசாங்கம் செய்யாதா, நாம எதுக்கு என்று. நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கிறேன். நம் பள்ளியில் 83 பிள்ளைகள். முப்பது பேருக்கு மேல் நூறு பேர் வரை இருக்கிற பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய் என்பது கணக்கு, அதிலும் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குப் போக வேண்டும். மிச்சத்தில் வருசம் பூராவும் சாக்பீஸ், பதிவேடு, பல்பு, பைப் ரிப்பேர் எல்லாம் பார்த்துப் பாருங்கள். கேட்க வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், தீர்மானம் போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவரைக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன.

சரி, நோட்டில் ஏறாதவர்களுக்கு வருகிறேன்.

காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்கா மூன்று பேரும் அன்றைக்கு அதிகாலையிலேயே வந்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளைகளுக்கு வழக்கமான செவ்வாய்க்கிழமைக் கிச்சடியைப் போட்டு முடித்த கையோடு, முந்நூறு பேருக்குச் சாம்பார் சாதத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தார்கள். யாரும் கேட்கவில்லை. சத்துணவு அம்மா அவர் பாட்டுக்கு அடுப்பைப் பிரித்துக் கொடுத்தார். நான் மேடையில் நின்றபோது அண்டா கழுவிக்கொண்டிருந்தது இவர்கள் நாலு பேரும்தான். அக்கா, மன்னிச்சிருங்க.

பீரோ கதை தெரியாதவர்களுக்கு: ஊர்வலமாக மேளத்தோடு வந்த பீரோ வகுப்பறை வாசலில் வந்து நின்றுவிட்டது. நேராக நுழையாது, சாய்த்தும் நுழையாது, படுக்க வைத்தால் கைப்பிடி இடிக்கிறது. சுற்றி நின்ற இருபது ஆம்பிளைகளும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தச்சு வேலைக்குப் போகும் நம் தம்பி ஒருவர், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்றுமே பேசாமல் கதவைக் கீலோடு கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார். பீரோ உள்ளே போனது. திரும்பக் கதவை மாட்டி, பத்து வருசமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கீலுக்கு எண்ணெயும் விட்டுவிட்டுப் போனார்.

மின்விசிறி மாட்டிய எலக்ட்ரீசியன் அண்ணன் கூலி வாங்கவில்லை. மேளக்காரர்கள் பாதிக் கூலிதான் வாங்கினார்கள், பிள்ளையார் கோயிலிலிருந்து பள்ளி வரைக்கும் வெயிலில் நிறுத்தாமல் வாசித்துவிட்டு "எம் பேத்தி இங்கதானே ரெண்டாவது படிக்கிது" என்று சொல்லிவிட்டார் தவில் வாசித்த பெரியவர். முந்தின நாள் நூறு நாள் வேலை முடிந்து வந்த அம்மாக்கள், மண்வெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகப் பள்ளிக்கு வந்து மைதானத்து நெருஞ்சியைச் செதுக்கிக் கொடுத்தார்கள்.

சுவரில் படம் வரைந்த தம்பிக்கும் நன்றி, அவர் பொறுமைக்குச் சேர்த்து. தமிழ்நாட்டு வரைபடத்தை அழகாக வரைந்து முடித்துத் தூரிகையைக் கழுவும்போது, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலை வைத்து மாவட்டங்களை எண்ணிக்கொண்டே போய், "அண்ணே 37தான் இருக்கு" என்றான். பழைய படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார், 2020ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறையைக் காணோம். மறுபடி பெயிண்ட் டப்பாவைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பிரித்து வேறு நிறம் அடித்தார். அந்தப் பையனுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், என்ன, அவன் என் மகன் என்பதால் மேடையில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

2018ல் கஜா புயலில் சாய்ந்த வேப்பமரத்து இடம் இத்தனை வருசமாக மொட்டையாகவே கிடந்தது. அங்கே ஒரு பலாக்கன்று வைத்திருக்கிறோம், நர்சரிக்காரர் சும்மா கொடுத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆடு வராமல் முள் வேலி கட்டியாயிற்று, இருந்தாலும் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் தலைவியாக ஒத்துக்கொண்டேன். இப்படி வேலை வாங்குவீர்கள் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன். டீச்சர்கள் நாலு பேருக்கும் தலைமையாசிரியருக்கும் தனியாக நன்றி சொன்னால் "எங்க ஸ்கூலுக்கு நாங்க செஞ்சோம்" என்று கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. சீர்த் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு தாம்பாளமும் ஒரு தூக்குவாளியும் மிஞ்சிவிட்டன. ஒரு தாம்பாளத்தில் "கா.மு." என்று பெயர் வெட்டியிருக்கிறது, தூக்குவாளிக்கு மூடி இல்லை. சத்துணவு அறையில் வைத்திருக்கிறோம், பள்ளி நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூடி மட்டும் யார் வீட்டிலாவது இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.